நாலு பல்லும் நாலு முனையும்

"தீப்பெட்டியை உள்ள வைங்க மாமா. இது பெட்ரோல் வண்டி" என்றாள் அழகுமீனா.

பலவேசம் மருமகளை முறைத்துவிட்டுத் தீப்பெட்டியைச் சட்டைப்பையில் போட்டார். வயரின் மேல்தோலைச் சுட்டு உரிக்கத்தான் எடுத்திருந்தார்.

திருத்தங்கல் தாண்டி விருதுநகர் ரோட்டில் பானெட்டைத் திறந்துகொண்டு நின்றது அவருடைய இருபத்தைந்து வருஷத்து மாருதி. ஆஸ்பத்திரிக்கு இன்னும் பதினைந்து கிலோமீட்டர். மகனோ பட்டாசு லோடு ஏற்றிக்கொண்டு ஓசூர் போயிருந்தான்.

பின்சீட்டில் சாய்ந்திருந்த அவர் மனைவி குருவம்மாள், "இருக்கன்குடி ஆத்தா, என் உசுரே போயிரும் போல இருக்கே" என்று முனகினாள். ரவிக்கை வேர்வையில் நனைந்து கிடந்தது.

"இந்தா பாரு, பிளக்கு ஒடைஞ்சு வயரு தொங்குது. போன மாசந்தான் புதுசுன்னு சொல்லி மாட்டுனான் அந்த மெக்கானிக்கு. களவாணிப்பய" என்றார் பலவேசம்.

"பொறி குடுக்கிற காயிலுக்குக் கரண்டு போற பிளக்கு அது. அறுத்து எறிஞ்சிட்டு வயரை நேரடியாச் சேத்திரலாம். தள்ளுங்க, நான் செய்றேன்."

"நீ தொடாத. வண்டி என்னுது. வாயால சொல்லு, போதும். உனக்கு என்னத்தா தெரியும் வயரைப் பத்தி?"

"எங்கப்பா ஒர்க் ஷாப்புலதான வளந்தேன். கல்யாணத்தன்னைக்கு அதைச் சொல்லித்தான கேலி பண்ணுனீக."

பலவேசம் பேனாக்கத்தியால் பிளக்கை அறுத்து வீசினார்.

"இப்ப முனையை எல்லாம் பல்லால உரிங்க."

"எனக்கு இருக்கிறதே நாலு பல்லு."

"முனையும் நாலுதான் மாமா. சரியாப் போச்சு."

அவர் கடித்து, உரித்து, துப்பினார்.

"கறுப்பைக் கறுப்போட முறுக்குங்க. சிவப்பை..."

பேச்சு பாதியில் நின்றது. அவள் கதவை இறுகப் பிடித்துக்கொண்டு ரோட்டையே பார்த்தாள். எதற்கும் காத்திருந்து பழகாத பலவேசம் வயரைப் பிடித்தபடியே காத்து நின்றார்.

"சிவப்பை... சிவப்போட. ரெண்டும் ஒண்ணையொண்ணு தொட்டுறக் கூடாது. தனித்தனியாச் சுத்துங்க."

பையிலிருந்த பாலிதீன் கவரைக் கிழித்துக் கொடுத்தாள். கட்டுவதற்குக் குருவம்மாள் கையிலிருந்த கோயில் கயிற்றை அவிழ்த்தார் பலவேசம்.

"ஆத்தா கயிறுய்யா அது" என்றாள் குருவம்மாள்.

"ஆத்தாவும் ஒரு கை பிடிக்கட்டும்."

சாவியைத் திருப்பினார். இரண்டு தடவை இருமியது. மூன்றாவது தடவை பிடித்துக்கொண்டது.

பலவேசம் ஸ்டியரிங்கை ஓங்கித் தட்டினார். "உங்கப்பன் ஒர்க் ஷாப்பை இனி எவனாவது பேசட்டும், மிச்சம் இருக்கிற பல்லாலயே கடிச்சிருவேன்."

"பேசுனது நீங்கதான் மாமா. ரோட்டைப் பாத்து ஓட்டுங்க."

வழியில் ஓரிடத்திலும் வண்டி நிற்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்த நர்ஸ், முனகிக்கொண்டிருந்த குருவம்மாளைப் பிடித்துத் தூக்கப் போனாள்.

"அத்தைக்கு வெறும் பயந்தான் சிஸ்டர். பிரசவ வலி எனக்கு" என்று சொல்லிவிட்டு, முன்சீட்டிலிருந்து இறங்கித் தானே ஸ்ட்ரெச்சரில் ஏறிப் படுத்தாள் அழகுமீனா.