மேலே வந்த பந்தெல்லாம்

"என் பங்கையும் சேர்த்துத்தானே முட்டினான்? அனுபவிக்கட்டும்."

டமீர் இப்படிச் சொன்னதும், காரை ஓட்டிக்கொண்டிருந்த லிடியா புருஷனைத் திரும்பி முறைத்தாள்.

"வாயைக் கழுவு. ஒரு மனுஷனுக்குப் புத்தி கலங்கிப் போயிருக்கு. பெத்த பொண்ணையே யாருன்னு கேக்கறாராம். இப்படியா பேசறது?"

"டாக்டர் சொன்னதைத்தானே சொல்றேன். வருஷக்கணக்கா பந்தைத் தலையால முட்டி முட்டி மூளை கெட்டுப்போச்சாம். எனக்கு வந்த பந்தை எனக்கு விட்டிருக்கலாம் இல்ல? யார் வேண்டாம்னது?"

அறுபதை நெருங்கியும் ஆறாத கோபம்.

டமீரும் அந்த மனுஷனும் இளவயதில் ஆடியது, மெல்போர்னின் மேற்குப் பக்கம் குரோவேஷியர்கள் நடத்திய ஒரு கால்பந்து கிளப்பில். கோல் அடிப்பதற்கென்றே முன்னால் இரண்டு பேர். பெரியவர் ஸ்லாவ்கோ, பேரும் புகழும் அவருக்கு. சின்னவன் டமீர், புதுசாக வந்தவன். நல்ல உயரம். தலையால் முட்டி கோல் போடுவான் என்றுதான் கிளப் அவனை எடுத்ததே.

போட விட்டால்தானே? ஓரத்திலிருந்து யார் பந்தைத் தூக்கி அடித்தாலும், டமீர் எகிறுவதற்குள் ஸ்லாவ்கோ குறுக்கே வந்து விழுவார். தோளால் இவனை இடித்துத் தள்ளிவிட்டுத் தானே முட்டுவார். முதல் ஒன்றிரண்டு ஆட்டம் தவிர, அந்த சீசன் முழுக்க அதே கூத்து. கேலரி அவர் பேரைச் சொல்லிக் கத்தியது. கடைசியில், முட்டவே தெரியாத நெட்டையனை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று கிளப் டமீரை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. வேறு எந்த கிளப்பும் கூப்பிடவில்லை. அப்புறம் காலமெல்லாம் ஊரார் வீட்டுக் குளியலறைகளுக்கு டைல்ஸ் ஒட்டினான்.

இப்போது ஸ்லாவ்கோவின் மனைவி மரிட்சாதான் போன் செய்து கூப்பிட்டிருந்தாள். பழைய முகங்களைப் பார்த்தால் அவருக்கு ஏதாவது ஞாபகம் வரும் என்று அவளுக்கு ஒரு நப்பாசை.

"இவ்வளவு கோபம் இருக்கிறவன் எதுக்குப் போறே?" என்றாள் லிடியா.

"கேக்கணும். ஏன் என் பிழைப்பைக் கெடுத்தேன்னு ஒரு தடவையாவது நேருக்கு நேர் கேட்டே ஆகணும்."

"உன்னையே அவருக்கு அடையாளம் தெரியாது."

"எனக்கு அவனைத் தெரியுமே. அது போதும்."

மரிட்சா வாசலுக்கே வந்து இருவரையும் கட்டிக்கொண்டாள். லிடியா வாங்கி வந்திருந்த காபிப் பொட்டலத்தையும் சாக்லேட் பெட்டியையும் அவளிடம் கொடுத்தாள். உள்ளே ஸ்லாவ்கோ நாற்காலியில் சாய்ந்திருந்தார். உடம்பு பாதியாகியிருந்தது.

"யாரு, ரெஃபரியா?" என்றார் டமீரைப் பார்த்து.

"இல்லை."

"பார்த்தா அப்படித்தான் தெரியுது. திருட்டு முழி."

லிடியா சிரிப்பை அடக்கிக்கொண்டு மரிட்சாவோடு காபி போடச் சமையலறைக்குப் போனாள். டமீர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான்.

"டமீர்னு ஒரு பையன் உன்கூட ஆடினானே, ஞாபகம் இருக்கா?"

"இருக்கானே, நெட்டையன். நல்ல பையன். அவனுக்கு என்ன?"

"அவனுக்கு வந்த பந்தையெல்லாம் ஏன் பறிச்சே? உனக்குத்தான் ஊரெல்லாம் பேர் இருந்துச்சே, போதாதா? அந்தப் பையன் வாழ்க்கையே போச்சுய்யா."



ஸ்லாவ்கோ கதவுப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். டமீரின் சட்டையைப் பிடித்துக் கிட்டே இழுத்தார்.

"நீ கோச்சோட ஆளா?"

"இல்லை."

"கிளப் டாக்டரா?"

"அதுவும் இல்லை. கேட்டதுக்குப் பதிலைச் சொல்லு."

"அப்போ சொல்றேன். வெளியே விட்டுடாதே. போன மேட்ச்ல அவன் தலை கோல் கம்பத்துல மோதிடுச்சு. டாக்டர் கேட்டதுக்கு ஒண்ணுமில்லைன்னு பொய் சொல்லிட்டான், பைத்தியக்காரப் பய. அப்புறம் உள்ளே வந்து ஷூவுக்கு லேஸ் கட்டத் தெரியாம முழிச்சுக்கிட்டு உக்காந்திருந்தான். நான்தான் கட்டிவிட்டேன். இன்னொரு அடி விழுந்தா ஆளே போயிடுவான். கோச்சுக்குத் தெரிஞ்சா அன்னைக்கே துரத்திடுவான். அதான், கீழே வர்ற பந்தை அவன் ஆடிக்கட்டும், மேலே வர்றதையெல்லாம் நானே பாத்துக்கறேன்."

டமீருக்கு அந்தப் பொய் நன்றாக நினைவிருந்தது. அதற்கப்புறம் நடந்தது எதுவும் நினைவில்லை. லேஸ் கட்டிவிட்டது யார் என்பதே இன்றைக்குத்தான் தெரிகிறது. அந்தக் கையைச் சட்டையிலிருந்து எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டான். பாவி, என்னென்ன பேசிவிட்டேன் என்று தன்னையே நொந்துகொண்டான்.

"அவன்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா கேப்பானா? ரோஷக்காரன். என்னை முந்திக்கிட்டு முட்டப் போயிடுவான்."

"இப்போ அவன் உன்னைக் கண்டபடி திட்டறானே?"

கிழவர் சிரித்தார்.

"திட்டட்டுமே. தலை நல்லா இருந்தாத்தானே திட்ட முடியும்?"