ஆறாவது பை

தண்டுக்கீரையை வேரோடு பிடுங்கினாள்.

வேரில் ஏதோ தொங்கியது.

நத்தையாக இருக்கும் என்று உதறினாள். விழவில்லை. வேர்கள் அதைச் சுற்றிப் பின்னியிருந்தன. கட்டைவிரலால் மண்ணைத் தேய்த்தாள்.

தாயத்து.

சுண்டுவிரலின் ஒரு கணு அளவு. வெள்ளி கறுத்துப் போயிருந்தது. ஒரு பக்கத்து மூடி மட்டும் வெள்ளி இல்லை. செம்பு.

கையிலிருந்த கீரை நழுவியது.

செம்பு மூடி போட்ட வெள்ளித் தாயத்து இந்த ஊரில் இன்னொன்று இருக்க முடியாது. அன்று ஆசாரியிடம் வெள்ளி தீர்ந்து போயிருந்தது. நாளைக்கு வாம்மா என்றார். காய்ந்த தொப்புள்கொடியைக் காகிதத்தில் மடித்து வைத்துக்கொண்டு, இன்றைக்கே வேண்டும் என்று அவள்தான் அடம்பிடித்தாள். விடிந்தால் பிள்ளைக்கு முப்பதாம் நாள். அரைஞாண் கட்ட வேண்டும். அவர் சிரித்துக்கொண்டே செம்பில் ஒரு மூடி தட்டிப் போட்டுக் கொடுத்தார்.

பத்து மாதம் அது பிள்ளையின் இடுப்பில் கிடந்தது.

காய்ச்சல் வந்த நாலாம் நாள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அத்தனை சின்னப் பிள்ளையை எரிப்பதில்லை. புதைப்பார்கள். வெள்ளியாயிற்றே என்று யாரோ கயிற்றை அறுக்க வந்தார். அவள் போட்ட சத்தத்தில் கையை எடுத்துக்கொண்டார்.

தாயத்தோடுதான் போனான்.

பெண்கள் இடுகாட்டுக்குப் போகும் வழக்கம் இல்லை. மறுநாள் புதைத்த இடத்தில் தெளிக்க டம்ளர் நிறையப் பாலைக் கொண்டுவந்தாள். வாசலிலேயே கணவன் கையை நீட்டி வாங்கிக்கொண்டான். வாசலோடு அவள் நின்றுவிட்டாள்.

ஒன்பது வருஷம் ஆயிற்று. எந்த இடம், எந்த இடம் என்று எத்தனை தடவை கேட்டிருப்பாள். வேப்பமரத்துப் பக்கம் என்பான். அதற்குமேல் வாயைத் திறக்க மாட்டான்.

அங்கே புதைத்தது இங்கே மொட்டைமாடிக்கு எப்படி வந்தது?

கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

எதிரே ஆறு செடிப்பைகள்.

தை மாதம் திடீரென்று அவனுக்கு மாடித்தோட்டப் பைத்தியம் பிடித்தது. அதுவரை ஒரு துளசிக்குக்கூடத் தண்ணீர் ஊற்றியறியாத மனுஷன். பைகளும் தேங்காய் நார்த்தூளும் கடையில் வாங்கினான். மண்ணை மட்டும் வாங்கவில்லை. நர்சரியில் கலந்தே தருகிறார்களே என்றாள். காதில் போட்டுக்கொள்ளவில்லை. உரச்சாக்கில் கட்டி மொபெட்டில் வைத்துக் கொண்டுவந்தான். நாலு நடை. மூச்சு வாங்க வாங்க மாடிப்படி ஏறினான்.

கல்லும் வேருமாகக் கிடக்கிறதே, சலிக்கட்டுமா என்று கேட்டாள். அதற்கு அப்படி ஒரு கத்தல். ஒரு தோட்டத்துக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்று அன்று சிரிப்புதான் வந்தது.

பூச்செடி மட்டும்தான் என்றான். ஐந்து பையில் சாமந்தி வைத்தான். பூவைப் பறித்துக் குழம்பு வைக்கவா என்று கேட்டுவிட்டு, ஆறாவது பையில் அவள் கீரை விதையைத் தூவினாள். முளை விட்டதைப் பார்த்ததும் அவன் முகம் என்னவோ போல் ஆனது.

போன வாரம் பாதியைப் பிடுங்கிப் பொரியல் செய்தாள். அவன் தொடவில்லை. வயிறு சரியில்லை என்று எழுந்து போய்விட்டான்.

வீணாகக் கூடாதென்று அவன் பங்கையும் அவள்தான் சாப்பிட்டாள்.

வாயைப் பொத்தினாள். பொத்திய கையிலும் அதே மண்.

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. பூவாளியோடு அவன் வந்தான்.

அவள் கீழே கிடந்த கீரையைப் புரட்டி, வேரிலிருந்த தாயத்தைக் காட்டினாள்.

அவன் பார்த்தான். பூவாளியை மெதுவாகக் கீழே வைத்தான். பிறகு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டான்.

"அங்க பஸ் ஸ்டாண்டு வருது" என்றான்.

அவள் பைகளைத் திரும்பிப் பார்த்தாள்.

"பொக்லைன் வந்து நின்னுடுச்சு. அதுக்கு முன்னாடி நானே போய்த் தோண்டினேன். எவ்வளவோ தேடினேன். ஒண்ணுமே அகப்படல. சரி, மண்ணையாவது..."



"என்னைத் தின்னவிட்டுப் பாத்துக்கிட்டு இருந்தீங்களே!"

அடித்தாள். தோளில் அடித்தாள், நெஞ்சில் அடித்தாள். அவன் தடுக்கவில்லை. வெள்ளைச் சட்டை முழுக்க மண் அப்பியது. இப்படி ஒரு பாவி உண்டா என்று இருந்தது. ஒற்றை ஆளாக அங்கே உட்கார்ந்து தோண்டியிருக்கிறானே என்றும் இருந்தது.

கை ஓய்ந்தது.

கீழே கிடந்த கீரையை எடுத்தாள். வேரிலிருந்து தாயத்தைப் பிரிக்கவில்லை. பிடுங்கிய குழியிலேயே வைத்து, மண்ணை இழுத்து மூடினாள். இரண்டு கையாலும் தட்டிக் கொடுத்தாள். தூங்க வைக்கிற தட்டல்.

பிறகு எழுந்து கீழே போனாள். அடுப்பில் காலையில் காய்ச்சிய பால் இருந்தது. நுனிவிரலை விட்டுச் சூடு பார்த்தாள். ஆறியிருந்தது. டம்ளர் நிறைய ஊற்றிக்கொண்டு, சிந்தாமல் படி ஏறினாள்.

அவன் எழுந்து வந்து கையை நீட்டினான்.

இந்த முறை அவள் கொடுக்கவில்லை.