லெஃப்ட் பேக்

லோகு அவனை மறுபடியும் இடது ஓரத்தில் வைத்தான்.

சிவப்புக் காய் எப்போதும் அவன்தான். வெள்ளைக் காய் ஒன்பது, சிவப்பு ஒன்று, கோல்கீப்பருக்கு ஸ்ட்ரைக்கர். கேரம் போர்டில் ஓர் அணிக்குச் சரியாக ஆள் இருந்தது. வியாசர்பாடியின் அந்த மன்றத்தில் இந்தியக் கால்பந்து அணியை இப்படித்தான் தேர்ந்தெடுப்பார்கள். டெல்லியில் யாரும் இவர்களைக் கேட்பதில்லை, அது வேறு விஷயம்.

அவன் காயாகப் போர்டிலும் இருந்தான், ஆளாகச் சுவரோரமும் உட்கார்ந்திருந்தான்.

நாடுகளுக்கிடையிலான ஆட்டங்களுக்காக, கிளப்புகள் மோதும் லீக் நின்றிருந்தது. இந்த இடைவெளியில், எடுக்கப்பட்டவர்கள் இந்திய அணியின் முகாமுக்குப் போவார்கள். எடுக்கப்படாதவர்கள் வீட்டுக்குப் போவார்கள்.

மூன்று வருடத்தில் முதல் தடவையாக அவன் வீட்டில் இருந்தான்.

அவனைக் கழற்றிவிட்டார்கள் என்பதற்கு அதற்கு மேல் யாருக்கும் சாட்சி தேவைப்படவில்லை.

“நம்மாள உட்டுட்டு எவனையோ இட்டுனு போயிக்கிறான்பா அந்தக் கோச்சு,” என்றான் லோகு. ஆட்டோ ஓட்டுபவன். ஆட்டோவின் முதுகில் இவன் பந்தை உதைக்கும் படத்தை ஒட்டி வைத்திருக்கிறான். எதிலும் லோகுவோடு ஒத்துப்போகாத மோசஸ்கூட இதில் தலையாட்டினான்.

நம் பக்கத்து ஆட்கள் என்றாலே டெல்லிக்காரர்களுக்கு இளக்காரம் என்றார்கள். அந்தக் கோச் ஒரு காலத்தில் ஆடியதே சந்தேகம் என்றார்கள். பேச்சு கோச்சின் குடும்பம் வரைக்கும் போய்த் திரும்பியது.

பின்கட்டில் நாலைந்து பேர் வைக்கோல் அடைத்துக்கொண்டிருந்தார்கள். கோச்சின் கொடும்பாவி. நாளை மாலை பாலத்தருகே எரிப்பதாக முடிவு. தொப்பை போதவில்லை என்று ஒருவன் இன்னும் வைக்கோல் கேட்டான்.

அவன் கேட்டுக்கொண்டிருந்தான்.

பேன்ட்டுக்குள் இடது முட்டி வீங்கியிருந்தது.

அந்தக் கோச் இரண்டு முறை ஃபோன் செய்திருந்தார். வா என்றார். வர முடியாது சார், முட்டி போய்விட்டது, சட்டென்று திரும்பினால் விழுந்துவிடுகிறேன் என்று சொன்னது இவன்தான். கிளப்புக்குத் தெரிந்தால் அடுத்த வருடம் ஒப்பந்தம் கிடையாது, வெளியே சொல்லிவிடாதீர்கள் என்று கெஞ்சியதும் இவன்தான்.

அவர் சொல்லவில்லை. பத்திரிகைக்காரர்கள் கேட்டபோது, இந்த ஆட்டத்துக்கு அவன் தேவைப்படவில்லை என்றார். அவ்வளவுதான். அன்றிலிருந்து ஊர்ப்பட்ட பேரிடம் வாங்கிக் கட்டிக்கொள்கிறார்.

அவரை நினைக்க அவனுக்கு வெட்கமாக இருந்தது. லோகுவைப் பார்க்க அதைவிட வெட்கமாக இருந்தது.

வாயைத் திறக்காவிட்டால் ஒரு வருடம் ஓட்டலாம். மாத்திரை போட்டு, பட்டை கட்டி, திரும்பும்போது பல்லைக் கடித்து. அதைத்தான் அவன் கணக்குப் போட்டு வைத்திருந்தான்.

“நாளைக்கு நீதாம்பா கொளுத்தணும்,” என்றான் லோகு. “உன் கையாலதான்.”

எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். அது அவர்கள் தரும் மரியாதை. வேண்டாம் என்று சொல்லக்கூடாத மரியாதை.

“அவரு கூப்ட்டாருடா,” என்றான். “நான்தான் வர்லன்னேன். முட்டி பூட்ச்சு.”



லோகு அவன் முகத்தைப் பார்த்தான். பிறகு காலைப் பார்த்தான். விளையாட்டுக்குச் சொல்கிறானோ என்று கொஞ்சநேரம் காத்துக்கூட இருந்தான்.

ஆபரேஷன் பண்ணினால் என்று மோசஸ் கேட்டான். பண்ணினாலும் பழையபடி வராதாம் என்றான் அவன்.

இனி கிளப்பின் காதுக்கு இது போய்ச் சேரும். இந்த மன்றத்தில் ஒரு விஷயம் டீ ஆறும் வரைகூடத் தங்காது. தெரிந்துதான் சொன்னான்.

“அப்போ இத இன்னா பண்றது?” என்று பின்கட்டிலிருந்து ஒரு குரல் வந்தது.

லோகு சிவப்புக் காயை எடுத்தான். எங்கே வைப்பதென்று தெரியாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். லோகுவின் கண் கலங்கியிருந்தது.

போர்டில் இடது ஓரம், லெஃப்ட் பேக் நிற்கும் இடம், காலியாக இருந்தது.

எல்லோரும் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். செவ்வாய்க்கிழமை இந்தியாவுக்கு ஆட்டம். பத்துப் பேரை வைத்துக்கொண்டு ஆட முடியாது.

மோசஸ் டப்பாவிலிருந்து ஒரு கருப்புக் காயை எடுத்து அங்கே வைத்தான்.

“இது யாரு?”

ஒருவன் ஒரு பெயர் சொன்னான். லோகு மூக்கை உறிஞ்சிவிட்டு வேறு பெயர் சொன்னான். இன்னொருவன் இரண்டுமே தேறாது என்றான். குரல்கள் மெல்ல ஏறின. யாரோ டீ சொல்லியனுப்பினார்கள்.

அவனும் ஒரு பெயர் சொன்னான். அவனுக்குப் பதிலாக எடுக்கப்பட்ட மணிப்பூர்க்காரன். போன முகாமில் பயிற்சியின்போது இவனையே இரண்டு தடவை ஏமாற்றிப் பந்தோடு தாண்டிப் போனவன்.

“அவனா?” லோகு சட்டென்று திரும்பினான். “பந்து போனப்பொறம் ஓடுவான் அவன். உனுக்கு இன்னா தெரியும், கம்முனு இரு.”

பந்து விஷயத்தில் அந்த மன்றத்தில் அதுவரை அவனை யாரும் எதிர்த்துப் பேசியதில்லை.

வலித்தது. நன்றாகவே வலித்தது.

அவன் எழுந்து, மோசஸைத் தள்ளிவிட்டு, போர்டுக்குப் பக்கத்தில் இடம் பிடித்தான்.

“நீ மொதல்ல அவன் ஆடுன மேட்ச்ச பாத்தியாடா?” என்றான்.