காற்றுத் துளை

நிலவறைக் கதவைத் திறந்ததும் புகைபோக்கி துடைக்க வந்தவளின் மார்பில் மாட்டியிருந்த கருவி அலறியது.

நச்சு வாயு. நிறமில்லை, மணமில்லை. ஆளைத் தூக்கத்திலேயே முடித்துவிடும்.

கதவோரத்துச் சிவப்புச் சுவிட்சைத் தட்டி, வீட்டைச் சூடாக்கும் எண்ணெய் பாய்லரை நிறுத்தினாள். படியேறிக் கத்தினாள். எல்லாரும் வெளியே. இப்போதே.

வீட்டுக்காரர் ஹூபர் வீட்டுச் செருப்போடு பனியில் வந்து நின்றார். மாடியில் குடியிருக்கும் பெண் குழந்தையைப் போர்வையில் சுற்றித் தூக்கிக்கொண்டு இறங்கினாள்.

துடைக்க வந்தவள் ஆம்புலன்ஸை அழைத்தாள்.

சற்று முன்புதான் ஹூபர் வாசலில் அவள் தோளைத் தொட்டுச் சிரித்தார். புகைபோக்கி துடைக்க வருபவரைத் தொட்டால் அதிர்ஷ்டம் என்பது சுவிஸ்காரர்களின் நம்பிக்கை. கேட்காமல் தொடுவார்கள். தொட்ட கையோடு சொன்னார்.

"மாடிக்கு அந்த ஆட்கள் வந்ததிலிருந்து வீடெல்லாம் மசாலா வாடை. தினமும் எனக்குத் தலைவலி. இன்னொரு நாள் மணந்தால் காலி பண்ண வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டேன்."

அவளும் அந்த ஆட்களில் ஒருத்திதான், தமிழச்சி.

காலையிலிருந்து வீடு வீடாகக் கரி துடைத்த முகம். முடி தொப்பிக்குள். பேச்சு, பிறந்ததிலிருந்து பேசும் இந்த ஊர் ஜெர்மன். கரிக்கு அடியில் யார் என்று அவர் பார்க்கவில்லை.

அவளும் சொல்லவில்லை.

கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் திறந்துவிட்டுக் காத்திருந்தாள். கருவி அடங்கியதும் முகமூடியோடு மறுபடி இறங்கினாள்.

பாய்லரின் வயிற்றைத் திறந்தாள். உள்ளே கரி விரற்கடை கனத்துக்கு அப்பியிருந்தது. போன இலையுதிர் காலத்தில் அவளே துடைத்தது. எண்ணெய் எரியக் காற்று கிடைக்காவிட்டால்தான் இப்படி ஆகும்.

காற்றுக்கென்று சுவரில் ஒரு துளை உண்டு. கூரையோரம், கையகலத்தில்.

அண்ணாந்து பார்த்தாள்.

அடைத்திருந்தது.

எந்த மடையன்?

ஏணியை இழுத்துப் போட்டாள். விரல்களை விட்டுப் பிடுங்கினாள். துணி. இறுக்கி, ஓரம் உள்ளே மடித்து, இடைவெளி இல்லாமல் செருகிய துணி.

விரித்தாள்.

நீலக் கட்டம் போட்ட சாரம். ஆம்பிளைகள் வீட்டில் உடுத்துவது.

முகமூடியை விலக்கி மோந்தாள். வறுத்த மிளகாய்த்தூள் மணம்.

அப்போதுதான் மூலையைப் பார்த்தாள். துணி துவைக்கும் மெஷினின் மேல் ஒரு சின்ன மின்னடுப்பு. அதன் மேல் மூடி போட்ட சட்டி. திறந்தாள். மீன் குழம்பு.

மாடியில் சமைத்தால் மணக்கிறது என்று அந்தப் பெண் இங்கே இறங்கி வந்திருக்கிறாள். இங்கே சமைத்தால் மணம் துளை வழியாக வெளியே போகும். துளைக்கு நேர் மேலே ஹூபரின் சமையலறை ஜன்னல்.

அதனால் அடைத்திருக்கிறாள்.

மேலே போய் அவளை ஓங்கி அறைய வேண்டும் போலிருந்தது. ஒரு சட்டி குழம்பை ஒளிக்கப் பிள்ளையைக் கொல்லப் பார்த்தாயே. இன்னும் நாலு நாள் குளிர் இறுகியிருந்தால் இந்த வீட்டில் யாரும் விழித்திருக்க மாட்டார்கள்.

பிறகு அம்மா நினைவுக்கு வந்தாள். வாடைக்குப் பயந்து, பனி கொட்டக் கொட்ட, கோட்டும் குல்லாயும் போட்டுக்கொண்டு பால்கனியில் மீன் பொரித்த அம்மா.

கோபம் போகவில்லை. ஆள் மாறி ஹூபர் மேல் திரும்பியது.

சாரத்தைக் கரிச் சாக்கின் அடியில் திணித்தாள். மேலே கரியைக் கொட்டினாள். மின்னடுப்பையும் அதே சாக்கில் போட்டாள். ஒரு கையில் சாக்கும் மறு கையில் சட்டியுமாக மேலேறினாள்.

வெளியே அந்தப் பெண் குழந்தையின் கன்னத்தைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"ஆரணி, கண்ணைத் திறவம்மா. இன்னும் தலையிடிக்குதோ?"

குழந்தை தலையாட்டியது. கண் திறந்திருந்தது.

தெருமுனையில் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டது.

ஹூபர் கிட்டே வந்தார். முகம் வெளிறியிருந்தது.

"எனக்குத் தலைவலி..."

"பாய்லரின் நச்சு வாயுதான். மசாலா இல்லை. நீங்களும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்."

"எதனால் வந்தது?"

அந்தப் பெண்ணின் பார்வை சட்டியிலிருந்து சாக்கின் மேல் விழுந்தது. அங்கேயே நின்றது. இப்போதுதான் அவளுக்குப் புரிந்தது, தான் என்ன செய்துவிட்டோம் என்று.

"காற்றுத் துளை அடைத்திருந்தது. குருவிக் கூடு. எடுத்துவிட்டேன். கம்பி வலை அடிக்க வேண்டும், அது உங்கள் பொறுப்பு."

ஹூபர் பெருமூச்சு விட்டார். "நல்ல வேளை நீ வந்தாய்." மறுபடி அவள் தோளைத் தொட்டார். விடாமல் பிடித்துக்கொண்டார்.

அவர் கை தோளில் இருக்கும்போதே அவள் அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பினாள். சட்டியை அவளிடம் நீட்டினாள். தமிழில் சொன்னாள், ஹூபருக்கும் கேட்கும்படி உரக்க.

"அக்கா, இனிமேல் மேல உங்கட குசினியிலயே சமையுங்கோ. ஜன்னலெல்லாம் திறந்து வைச்சு. நல்லா மணக்கட்டும்."

தோளிலிருந்த கை சட்டென்று விலகியது.

விரல்களில் கரி.