அறுபத்தோராம் பக்கம்

ஆசிரியர் அறையில் ரேணுகா தன் எம்.எஸ்ஸி. அஞ்சல்வழிப் பாடநூலை விரித்து வைத்திருக்கிறாள். சனிக்கிழமை தேர்வு. படிப்பை முடிக்காமலே ஓய்வுபெற்ற நாகவல்லி டீச்சர் விட்டுப்போன புத்தகம் அது. ஆசிரியர் வராத வகுப்பைப் பார்த்துக்கொள்ளக் கூப்பிட்டதால் படிப்பு நின்ற இடங்களிலெல்லாம் அவர் பென்சிலால் தேதி போட்டிருக்கிறார். ரேணுகாவும் அப்படியே போட்டுவருகிறாள். அவருடைய கடைசித் தேதி அறுபத்தோராம் பக்கத்தில் இருக்கிறது. அதற்குப் பின் தாள்கள் கசங்கவே இல்லை. இன்று ரேணுகாவும் அந்தப் பக்கத்துக்கு வந்திருக்கிறாள். மின்விசிறி தாளைத் தூக்கித் தூக்கிப் போடுகிறது. வாசலில் செருப்புச் சத்தம் நிற்கிறது. “ஏழாம் வகுப்புல ஆளில்ல டீச்சர், ஒங்களத்தான் போகச் சொன்னாக,” என்கிறார் உதவியாளர் வீரணன். அவள் புத்தகத்தையும் அவரையும் மாறிமாறிப் பார்க்கிறாள். “நாகவல்லி டீச்சரும் இப்படித்தான் பாப்பாக,” என்று சிரிக்கிறார். எடுத்த பென்சிலால் அந்தக் கடைசித் தேதிக்குக் கீழே தன் தேதியைப் போட அவளுக்குப் பயமாக இருக்கிறது. அதை வைத்துவிட்டு, அறுபத்திரண்டாம் பக்கத்தில் விரலை நுழைத்தபடி புத்தகத்தோடு எழுகிறாள்.