இரண்டாவது உருண்டை

இலையில் சோறு விழுந்ததும் பேச்சு நின்றுபோனது.

எல்லோரும் தத்தம் இலையைப் பார்ப்பதுபோல அவள் கையைத்தான் பார்த்தார்கள். மாப்பிள்ளையைப் பெற்றவள். அவள் கை நனைத்தால்தான் சம்பந்தம் உறுதி.

போன வருஷம் இதே வீட்டில், எல்லாம் பேசி முடித்துப் பந்தியில் உட்கார்ந்தவள், ஒரு பருக்கையைக்கூடத் தொடாமல் எழுந்துவிட்டாள்.

பெண்ணைப் பிடிக்கவில்லை என்று சோலைமலை முடிவு கட்டினார். பெண்ணைப் பெற்றவர் வேறென்ன நினைப்பார்?

அவளுக்குப் பெண்ணைப் பிடித்திருந்தது. சோறுதான் இறங்கவில்லை. அப்போதெல்லாம் தின்றது நெஞ்சுக்குள் நின்று அப்படியே வாய்க்குத் திரும்பும். சபையில் கக்கி வைப்பதா? வெளியே சொல்லவும் வெட்கம்.

மகன் மாதக்கணக்கில் முகம் கொடுத்துப் பேசவில்லை. கொல்லையில் அவள் குனிந்து கக்குவதை ஒருநாள் பார்த்த பிறகுதான் மதுரைக்கு இழுத்துப் போனான். உணவுக்குழாயின் அடியில் தசை இறுகிக் கிடக்கிறது, திறக்க மறுக்கிறது என்றார் டாக்டர். வயிற்றில் சின்னச் சின்னத் துளை போட்டு அந்தத் தசையை அறுத்துவிட்டார்.

இனி இறங்கும் என்றார். இறங்கவும் செய்தது. வீட்டில், யாரும் பார்க்காதபோது.

இங்கே இத்தனை கண்கள்.

சோலைமலை பந்திக்கு எதிரே கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஆபரேஷன் கதையை அவர் நம்பியதாகத் தெரியவில்லை. மகள் வனிதா பிடித்த பிடிவாதத்துக்காகத்தான் மறுபடி வரச் சொல்லியிருந்தார்.

அவள் பிசைந்தாள். சின்ன உருண்டை. மென்றாள். இன்னும் மென்றாள்.

விழுங்கினாள்.

போய்விட்டது.

இரண்டாவது உருண்டை நெஞ்சில் நின்றது.

நின்றதா? நின்றதுபோல் இருந்தது. கால் பரபரத்தது. முன்பெல்லாம் எழுந்து, கையை மேலே தூக்கி, நாலு எட்டு நடந்தால் கொஞ்சம் வழிவிடும். இப்போது எழுந்தால் தீர்ந்தது. இன்னொரு தடவை இந்த வீட்டில் அவளுக்கு இலை போட மாட்டார்கள்.

பக்கத்தில் மகன் சாப்பிடவில்லை. இலையோரத்து உப்பை விரலால் கலைத்துக்கொண்டிருந்தான்.

அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. பாழாய்ப்போன நெஞ்சே, இன்றைக்கு ஒரு நாள் என் மானத்தைக் காப்பாற்று.

எழவில்லை.

தண்ணீர்ச் செம்பையும் தொடவில்லை.

மூச்சை விட்டுப் பார்த்தாள். நெஞ்சில் ஒன்றுமில்லை. உருண்டை எப்போதோ இறங்கிவிட்டிருந்தது. அவ்வளவு நேரமும் நின்றது பயம்தான்.

அப்புறம் கை ஓயவில்லை. கூட்டா, பொரியலா என்றுகூடப் பார்க்கவில்லை. மாப்பிள்ளையின் அம்மா இப்படியா அள்ளிச் சாப்பிடுவாள் என்று நாளைக்கு ஊர் சிரிக்கும். சிரிக்கட்டும்.

நிமிர்ந்து சோலைமலையைப் பார்த்தாள். கண்ணெல்லாம் தண்ணீர்.

“இன்னுங் கொஞ்சம் சோறு போடச் சொல்லுங்கண்ணே.”

அவர் கட்டியிருந்த கையை அவிழ்த்தார். மகளைக் கூப்பிட அடுப்படிப் பக்கம் திரும்பினார்.

வனிதா அதற்குள் சோற்று வாளியோடு கூடத்துக்கு வந்துவிட்டிருந்தாள்.

வந்த அவசரத்தில் கரண்டியை எடுக்க மறந்திருந்தாள்.