சிவப்பில் நின்ற முள்

“மீட்டர் பொய் சொல்லுதா, இல்ல இவன் பொய் சொல்லுதானா? அதை மட்டும் பாத்துச் சொல்லு, தம்பி.”

கேட்டவர் பெருமாள்ராஜ், படகின் சொந்தக்காரர். முக்கூடல்காரர். பாபநாசம் மலைமேல் அணையில் அக்கரைக்கு ஆள் ஏற்றும் குத்தகை அவருடையது.

கணேஷ்ராம் கருவிப் பெட்டியைத் திறந்தான். பேட்டை ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்து நாலு மாதம். சீவலப்பேரியில் வயல் வேலைக்குப் போகிற குடும்பத்தில் முதல் இன்ஜினீயர். தனியாக வந்திருக்கும் முதல் வேலை இது. பெருமாள்ராஜ் பெரிய பார்ட்டி, மனசு கோணாமல் முடித்துவிட்டு வா என்று முதலாளி வேறு சொல்லி அனுப்பியிருந்தார்.

பெருமாள்ராஜ் ‘இவன்’ என்று கைகாட்டிய படகோட்டி சுடலைமணி, படகின் ஓரமாக நின்றார். ஐம்பது வயதிருக்கும்.

டீசல் மீட்டரின் முள் ஒரு வாரமாகவே சிவப்பை விட்டு நகரவில்லையாம். சந்தேகப்பட்ட பெருமாள்ராஜ், நேற்றுக் காலை தானே வந்து டேங்கை அடிவரை காலி செய்து, நாற்பது லிட்டர் ஊற்றிவிட்டுப் போயிருக்கிறார். இன்று வந்து சாவியைத் திருப்பினால், முள் அதே சிவப்பில். நேற்று ஓடியது இரண்டு நடை. அதற்கு எட்டு லிட்டர் ஆகும்.

“மிச்சம் முப்பத்திரெண்டும் எங்கலே?”

“நான் எடுக்கல அண்ணாச்சி.”

“பின்ன அணையில கிடக்கிற மீனா குடிச்சிட்டு?”

சுடலைமணி யார் முகத்தையும் பாராமல் படகுக் கயிற்றை எடுத்துச் சுற்றத் தொடங்கினார். கணேஷ்ராமுக்கும் அது உறுத்தியது. எடுக்காத ஆள் இப்படியா முகம் பாராமல் நிற்பார்?

மீட்டர் நல்லதென்று தெரிந்தால் அடுத்த நிமிடமே போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்துவிடுவதாகப் பெருமாள்ராஜ் சொல்லிக்கொண்டிருந்தார். பதினோரு வருஷம் ஓட்டியவன் என்றெல்லாம் பார்க்கப் போவதில்லையாம்.

கணேஷ்ராம் சாவியைத் திருப்பினான். டேங்கிலிருந்து வரும் வயரைக் கழற்றி எஞ்சின் இரும்பில் தொட்டான். முள் விறுவிறுவென்று ஏறி, டேங்க் நிறைந்திருப்பதாகக் காட்டியது. வயரை எடுத்தான். விழுந்தது. மீட்டரில் கோளாறில்லை. வயரிலும் இல்லை.

“பாத்தியாலே, முள்ளு ஏறுது. மீட்டர் நல்லாத்தான் இருக்கு. படகை விட்டு எறங்கு,” என்றார் பெருமாள்ராஜ், சுடலைமணியிடம்.

கணேஷ்ராம் வயரைத் திரும்ப மாட்டினான். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் வேலை முடிந்தது. பெரிய பார்ட்டியின் மனசும் கோணாது.

“பாதிதான் பாத்திருக்கேன் அண்ணாச்சி. டேங்க்குக்குள்ள மிதவை ஒண்ணு இருக்கு, முள்ளை ஏத்தி இறக்குறது அதுதான். அதையும் பாத்துருதேன்.”

படித்தவன் தொட்டால் எந்த வேலையும் இழுக்கத்தான் செய்யும் என்று முணுமுணுத்தபடி, டீசல் வாடை பிடிக்காமல் அவர் கரையேறிப் படியில் நின்றுகொண்டார்.

ஐந்து ஸ்க்ரூ. ஒவ்வொன்றாகக் கழற்றினான். உள்ளிருந்து மிதவையை இழுத்தெடுத்தான். கனத்தது. காதருகே ஆட்டினான். உள்ளே சளக்கென்று சத்தம் கேட்டது. ஈயம் பற்றுவைத்த இடத்தில் ஊசிமுனை அளவு ஓட்டை. டேங்கில் எவ்வளவு டீசல் இருந்தாலும் இந்த மிதவை மிதக்காது.

“மிதவை ஓட்டை, அண்ணாச்சி. டீசல் ஏறி முங்கிட்டு.”

“அது கிடக்கட்டும். உள்ள டீசல் கிடக்கா? கம்ப விட்டுப் பாரு.”

குச்சியைத் துடைத்து உள்ளே விட்டான். ஈரம் நின்ற உயரத்தை டேப்பில் அளந்தான். டேங்கின் நீளம், அகலம் எடுத்துப் போனில் பெருக்கினான். நம்பாமல் மறுபடியும் குச்சியை விட்டான். அதே விடைதான் வந்தது.

நாற்பது ஊற்றி எட்டு செலவான டேங்கில், நாற்பத்தைந்து லிட்டர் இருந்தது.

நிமிர்ந்தான். திருடன் என்றபோது வராத பயம் இப்போது சுடலைமணியின் கண்ணில் இருந்தது.

“தம்பி, கூட இருக்குன்னு மட்டும் சொல்லிராதீய,” என்றார் பைய.

“என்னடே, குறையுதா?” கரையிலிருந்து குரல் வந்தது.

கணேஷ்ராமுக்குப் பொய் சொல்ல வராது. நல்லவேளை, கேட்ட கேள்விக்குப் பொய் தேவைப்படவில்லை.

“ஒரு சொட்டு குறையல, அண்ணாச்சி.”

பெருமாள்ராஜ் பைக் சாவியை எடுத்தார். பிறகு மிதவையை மாற்றிவிடச் சொல்லிவிட்டு, சுடலைமணி பக்கம் பாராமலே பைக்கை எடுத்துக்கொண்டு போனார்.

சத்தம் அடங்கியதும் கணேஷ்ராம் கேட்டான். “எப்படிண்ணே கூடுச்சு?”

சுடலைமணி அக்கரையைக் காட்டினார். அங்குள்ள காணிப் பழங்குடிக் குடியிருப்புப் பிள்ளைகள் மலைக்குக் கீழே ஆஸ்டலில் தங்கிப் படிக்கிறார்கள். வெள்ளிக்கிழமை பஸ் அவர்களைக் கொண்டுவந்து இறக்கும்போது மணி ஐந்தரை. கடைசிப் படகு நாலு மணிக்கு. அதற்குமேல் படகை எடுக்கக் கூடாது என்பது அண்ணாச்சி உத்தரவு. ஒரு வெள்ளிக்கிழமை பிள்ளைகள் விடியும்வரை கரையிலேயே குளிரில் கிடந்ததைப் பார்த்ததிலிருந்து, சுடலைமணி தானாகவே ஒரு நடை விடுகிறார். அண்ணாச்சிக்குத் தெரிந்தால் அன்றோடு நின்றுவிடும். நாளைக்கு வெள்ளி. அதற்கும் வரும் வாரங்களுக்கும் சேர்த்து நேற்றே பதிமூன்று லிட்டர் வாங்கி ஊற்றிவைத்தாராம்.

கணேஷ்ராமுக்குப் புரியவில்லை. “டேங்க்லதான் முப்பத்திரெண்டு கிடக்கே, அண்ணே. அதுலயே போயிட்டு வந்திருக்கலாம்லா?”

சுடலைமணி திடுக்கிட்டு அவனைப் பார்த்தார்.

“அவரு டீசல்ல போனா அது திருட்டுல்லா, தம்பி?”